மாடியறையில் மறுபடியும் விளக்கு

அமெரிக்க தேசத்தின் சிற்றூர்களில் கடைத்தெரு என்பது பெரும்பாலும் ஒரே வீதிதான். அவ்வீதியின் இரு மருங்கிலும் செங்கல்லால் எழுப்பிய இரண்டு மாடி, மூன்று மாடிக் கட்டிடங்கள் நெருக்கமாக நிற்கும். கீழ்த்தளத்தில் மருந்துக்கடையோ இரும்புச் சாமான் கடையோ நடந்துகொண்டிருக்கும். வழிப்போக்கன் சற்றே தலையை நிமிர்த்திப் பார்ப்பானாகில், அவற்றுள் சில கட்டிடங்களின் நெற்றியில் ஓர் ஆண்டும், ஒன்றோடொன்று கோத்த மூன்று சங்கிலி வளையங்களும் கல்லில் செதுக்கப்பட்டிருப்பதைக் காண்பான். சிநேகம், அன்பு, சத்தியம் என்ற மூன்றையும் குறிப்பவை அவ்வளையங்கள். கீழே உள்ள கடைகளின் வாடகையைக் கொண்டு மேலே ஒரு கூடத்தைப் பராமரித்து, வாரந்தோறும் இரவில் அங்கே கூடி, கதவைச் சாத்திக்கொண்டு சடங்குகளை நடத்தி, சந்தாவை வசூலித்து, எந்தச் சகோதரன் நோய்வாய்ப்பட்டிருக்கிறான் என்று விசாரித்துக் கலைந்த ஒரு பெரிய ஸ்தாபனத்தின் சின்னம் அது. ஆட் ஃபெல்லோஸ் என்பது அதன் பெயர். இன்று அத்தகைய மாடிகளில் பலவற்றில் விளக்கில்லை. நான்கு சுவர்களையும் ஒட்டிப் போட்ட நாற்காலிகளில் தூசி படிந்திருக்கிறது. ஆயினும் சில மாடிகளில் மட்டும் சமீப காலமாக மறுபடியும் விளக்கு எரியத் தொடங்கியிருக்கிறது. அணைந்ததற்கும் எரிந்ததற்கும் காரணம் என்னவென்று ஆராய்வது சங்கம் நடத்துகிற எவருக்கும் பிரயோஜனமுள்ள காரியம்.

லாட்ஜ் என்று சொன்னால், வெளியூரிலிருந்து வந்தவர் இரவு தங்கும் விடுதிதான் நம் ஊர் வாசகருக்கு நினைவுக்கு வரும். மேல்நாட்டில் அச்சொல்லுக்கு வேறொரு பழைய பொருள் உண்டு. மாதா கோயில்கள் பிரம்மாண்டமாக எழும்பிய மத்திய காலத்தில், கல்தச்சர்கள் கட்டிடத்தை ஒட்டி ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு, உளியையும் மட்டப்பலகையையும் அங்கே வைத்து, மழைக்கும் குளிருக்கும் அதிலே ஒதுங்கி வேலை செய்தார்கள். அக்கொட்டகையே லாட்ஜ். பிற்காலத்தில், கல்லைத் தொட்டறியாத கனவான்களும் வர்த்தகர்களும், அத்தச்சர்களின் மூலைமட்டத்தையும் கவராயத்தையும் ஒழுக்கத்தின் அடையாளங்களாகக் கொண்டு ஃப்ரீமேசன் என்னும் சகோதர சங்கத்தை வளர்த்தபோது, தங்கள் கிளைச் சபைக்கும் அப்பெயரையே சூட்டிக்கொண்டார்கள். லண்டனில் நான்கு லாட்ஜுகள் ஒன்றுகூடி 1717ஆம் ஆண்டில் மகா லாட்ஜ் ஒன்றை அமைத்தன என்பது அவர்களுடைய மரபு வழக்கு. அந்த அமைப்பைப் பின்பற்றியே பிற சகோதர சங்கங்களும் தோன்றின. நம் பக்கத்தில் பிரம்மஞான சங்கத்தின் கிளைகளையும் லாட்ஜ் என்று அழைக்கும் வழக்கம் வந்தது இந்த வழியில்தான்.

ஃப்ரீமேசன் சங்கத்தின் புகழ் பெரிது. ஆனால் என் மனத்தைக் கவர்ந்தது அதைவிட எளியவர்களால் நடத்தப்பட்ட ஆட் ஃபெல்லோஸ் சங்கமே. லண்டனில் பிறந்து கொல்லுத் தொழில் பழகிய தாமஸ் வைல்டி என்பவர், 1817இல் கடல் கடந்து அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தை அடைந்தார். இங்கிலாந்தில் தாம் அங்கத்தினராயிருந்த சங்கத்தின் துணை அந்நிய மண்ணில் இல்லாததை உணர்ந்து, அச்சங்கத்தைச் சேர்ந்தவர் யாரேனும் இங்கே உண்டா என்று பத்திரிகையில் விளம்பரம் செய்தார். 1819ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதி, செவன் ஸ்டார்ஸ் என்ற ஒரு மதுவிடுதியில் அவரையும் சேர்த்து ஐந்தே பேர் கூடினார்கள். மஞ்சட்காய்ச்சலும் வேலையில்லாத் திண்டாட்டமும் அந்நகரத்தை வாட்டிக்கொண்டிருந்த ஆண்டு அது. நோயாளியைப் போய்ப் பார், துன்பப்பட்டவனுக்கு உதவு, இறந்தவனை அடக்கம் செய், அநாதைக் குழந்தைக்குக் கல்வி கொடு என்ற நான்கு கட்டளைகளையே அச்சங்கம் தன் தர்மமாக ஏற்றது. மறுமையைப் பற்றியோ தத்துவத்தைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். நான்கும் கைகால்களை அசைத்துச் செய்ய வேண்டிய வேலைகள்.

பென்ஷனும் இன்ஷூரன்ஸும் சாமானியனுக்கு எட்டாத அந்நாளில், கூலிக்காரன் ஒருவன் பாயில் படுத்தால் அன்றே அவன் வீட்டு அடுப்பு அணையும். லாட்ஜில் சேர்ந்தவனுக்கோ, ஆரோக்கியமாயிருந்த காலத்தில் சிறுகச் சிறுகக் கட்டிய சந்தாவிலிருந்து வாரந்தோறும் ஒரு தொகை வீடு தேடி வரும். அத்தொகையைத் தபாலில் அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடும் வழக்கம் இல்லை. நோயாளியைப் பார்ப்பதற்கென்றே நியமிக்கப்பட்ட கமிட்டியார் நேரில் வந்து, படுக்கையருகில் அமர்ந்து, குடும்பத்தின் நிலையை விசாரித்துப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பொய்யாகப் படுத்திருப்பவனைக் கண்டுபிடிப்பதற்கும் அந்த விஜயம் உதவிற்று என்பது உண்மையே. அன்பும் கணக்கும் ஒரே நடையில் நிறைவேறின. நோய் கடுமையானால் சகோதரர்கள் முறைவைத்துக்கொண்டு இரவில் கண்விழித்துக் காவலிருந்தார்கள். அவன் இறந்தால் சங்கத்தின் மயானத்தில் சங்கத்தின் செலவிலேயே அடக்கம் நடந்தது; விதவைக்கு உதவி கிடைத்தது; பெற்றோரை இழந்த குழந்தைகளுக்குச் சங்கம் அநாதை இல்லங்களை ஏற்படுத்தியது.

இந்த ஏற்பாடு பிற சங்கங்களிலும் பல ரூபங்களில் பரவிற்று. பென்சில்வேனியா மாகாணத்து மீட்வில் என்ற ஊரில், ஜான் ஜோர்டன் அப்சர்ச் என்பவர் 1868இல் தொடங்கிய தொழிலாளர் சகோதர சங்கத்தில், ஒருவர் இறந்தால் மற்ற ஒவ்வொருவரும் ஒரு டாலர் கொடுக்க வேண்டும் என்பது விதி. சில லாட்ஜுகள் ஒரு வைத்தியரை ஆண்டு ஒப்பந்தத்தில் அமர்த்திக்கொண்டு, அங்கத்தினன் ஒருவன் வருஷத்திற்கு ஏறக்குறைய ஒரு நாள் கூலியைக் கொடுத்தால் அவனுக்கு வருஷம் முழுவதும் வைத்தியம் கிடைக்கும்படி செய்தன; தங்கள் வருமானம் குறைகிறதென்று வைத்தியர் சங்கங்கள் அதைக் கடுமையாக எதிர்த்தன. 1920ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் வயது வந்த ஆண்களில் மூவரில் ஒருவர் ஏதேனும் ஒரு லாட்ஜில் இருந்தார் என்று, இவ்விஷயத்தை ஆழ்ந்து ஆராய்ந்த சரித்திராசிரியர் டேவிட் பெய்டோ கணக்கிடுகிறார்.

இத்தனை நடைமுறைப் புத்தியுள்ளவர்கள், கண்ணைக் கட்டி உள்ளே அழைத்துவருவதும் ரகசிய வார்த்தை கேட்பதுமான சடங்குகளை ஏன் வைத்துக்கொண்டார்கள் என்று வாசகர் கேட்கலாம். அதற்கும் காரணம் உண்டு. வேலை தேடி ஊர் ஊராய் அலைந்த மனிதர்களின் தேசம் அது. முன்பின் தெரியாத ஊரில் ஒருவன் வந்து, தானும் சகோதரன் என்று சொல்லி உதவி கேட்டால், அவனை நம்புவது எப்படி? ரகசிய வார்த்தையும் கைகுலுக்கும் முறையும் அந்நாளைய அடையாளச் சீட்டுகளாயின. ஆட் ஃபெல்லோஸ் லாட்ஜுகளில் ஓர் எலும்புக்கூட்டைப் பெட்டியில் வைத்திருந்து, புதிதாகச் சேர வந்தவனுக்கு அதைக் காட்டி, சரீரத்தின் அநித்தியத்தை அவன் நெஞ்சில் பதிய வைப்பார்கள். கைவிடப்பட்ட மாடிகளை இப்போது வாங்குகிறவர்கள் சுவர் மறைவிலிருந்து அந்த எலும்புக்கூட்டைக் கண்டெடுத்துப் போலீசாரை அழைத்த சம்பவங்கள் உண்டு. நோயாளியையும் பிணத்தையும் தொடத் தயங்காத ஒரு சங்கத்தில், மரணத்தை முதல் நாளே நேருக்கு நேர் பார்க்கச் செய்தது பொருத்தமென்றே எனக்குத் தோன்றுகிறது. சடங்கு கடமைக்கு முன்னுரையாக இருந்த வரையில் அது உயிருள்ளதாக இருந்தது.

இச்சகோதரத்துவத்தில் ஒரு பெரிய களங்கமும் இருந்தது. அதை மறைப்பது நியாயமாகாது. வைல்டி தொடங்கிய சங்கத்தின் கதவு வெள்ளையருக்கு மட்டுமே திறந்திருந்தது. ஆகவே கறுப்பினத்தைச் சேர்ந்த பீட்டர் ஆக்டன் என்ற கப்பல் தொழிலாளி, இங்கிலாந்திலிருந்து நேராகவே அதிகாரப் பத்திரம் பெற்று, 1843இல் நியூயார்க்கில் தம் மக்களுக்கென்று தனி லாட்ஜைத் தொடங்கினார். ஃப்ரீமேசன் மரபில் பாஸ்டன் நகரத்துப் பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பினத்தவர் அதற்கும் முன்பே, 1775இல், ஆங்கிலேயப் படையைச் சார்ந்த ஓர் ஐரிஷ் லாட்ஜில் தம் தோழர்கள் பதினால்வரோடு சேர்ந்து, பின்னர் தனிச் சங்கம் கண்டிருந்தார். பெண்களுக்கு 1851இல் ரெபேக்கா என்ற தனிப் பிரிவை ஆட் ஃபெல்லோஸ் சங்கம் ஏற்படுத்தியது அக்காலத்திற்கு முற்போக்கான காரியம்தான். எனினும் வெள்ளையர் மட்டும் என்ற விதி நீங்குவதற்கு 1971ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சகோதரன் என்ற சொல்லைச் சுவரில் எழுதிவைத்து, வாசலில் நிறத்தைப் பார்த்தவர்களின் பேச்சில், அடுத்த தலைமுறை இளைஞர்களுக்கு நம்பிக்கை குன்றியதில் வியப்பில்லை.

வீழ்ச்சி எவ்வாறு வந்தது? 1930களின் பொருளாதார மந்தத்தில் சந்தா கட்ட வழியின்றி அங்கத்தினர்கள் விலகினார்கள். அதே சமயம் உதவி கேட்பவர்களின் தொகை பெருகிற்று. 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கம்பெனிகள் தங்கள் தொழிலாளர்களுக்குக் கூட்டாக இன்ஷூரன்ஸ் செய்யத் தொடங்கின. இங்கிலாந்தில் இதே சரித்திரம் 1911ஆம் ஆண்டுத் தேசிய இன்ஷூரன்ஸ் சட்டத்தில் தொடங்கி, 1948இல் தேசிய சுகாதார சேவை ஏற்பட்டபோது நிறைவுற்றது. சர்க்கார் ஏழைக்கு உதவியது தவறென்று நான் சொல்லவில்லை. லாட்ஜின் சிறு நிதி தாங்க முடியாத பாரத்தைச் சர்க்கார் தாங்கியது மகத்தான தர்மம். ஆனால் பணம் வேறு வழியில் வரத் தொடங்கியவுடன், பணத்தோடு கூடவே நடந்து வந்த மனிதர்களும் நின்றுவிட்டார்கள். நோயாளியைப் பார்க்கும் கமிட்டி பெயரளவில் குறிப்புப் புத்தகத்தில் இருந்தது. கடமை போனபின் எஞ்சியது சடங்கும், சென்ற கூட்டத்தின் குறிப்பை வாசிப்பதும், கூரை ஒழுகுவதைப் பற்றிய விவாதமுமே.

ஃப்ரீமேசன்களுக்கு இந்த உண்மை தாமதமாகவே புலப்பட்டது. ஏனெனில் இரண்டாம் உலக யுத்தத்திலிருந்து திரும்பிய இளைஞர்கள், படையில் அனுபவித்த தோழமையைத் தேடி லாட்ஜுகளில் வந்து குவிந்தார்கள். 1959இல் அமெரிக்காவில் ஃப்ரீமேசன்களின் தொகை 40 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இன்று 10 லட்சம்கூட இல்லை. உச்சத்தைத் தொட்ட சில ஆண்டுகளிலேயே, இண்டியானா மாகாணத்தின் முன்னாள் மகா தலைவரான டுவைட் ஸ்மித் என்பவர், நாம் எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்ற பொருளில் தொடர் கட்டுரைகள் எழுதித் தம் சகோதரர்களிடம் பத்துக் கேள்விகளைக் கேட்டார். பெருந்தொகையையே பெருமையாகக் கருதுகிறோமா, உறுப்புரிமையை மிகவும் எளிதாக்கிவிட்டோமா என்பவை அவற்றுள் சில. கூடம் நிறைந்திருந்தபோதே அது காலியாவதைக் கண்ட தீர்க்கதரிசனம் அது. அவர் சொன்னதை அன்று கேட்டவர்கள் சிலரே.

தொகை குறையத் தொடங்கிய பிறகு செய்யப்பட்ட பரிகாரங்களில் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அதில் உள்ள பிழை எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவானது. ஃப்ரீமேசன் மரபில் புதியவன் மூன்று படிகளை, பாடங்களை மனனம் செய்து, ஒரு மூத்தவரின் அருகில் மாதக்கணக்கில் அமர்ந்து ஏற வேண்டும். 1990களில் பல மாகாணங்களில் அம்மூன்று படிகளையும் ஒரே நாளில், நூற்றுக்கணக்கானவர்களை ஒரு பெரிய அரங்கில் உட்காரவைத்து, மேடையில் நடத்திக் காட்டி முடித்துவிடும் முறை வந்தது. பதிவேட்டில் பெயர்கள் பெருகின. ஆனால் காலையில் அந்நியனாய் வந்து மாலையில் பூரண அங்கத்தினனாகத் திரும்பியவனுக்கு, தன் பெயரைத் தெரிந்த ஒருவரேனும் அந்தக் கூட்டத்தில் உண்டா? அவன் அடுத்த மாதம் தன் ஊர் லாட்ஜுக்கு வருகிறான். வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படுகிறது. பின்வரிசையில் அமர்ந்து, காப்பி குடித்துவிட்டு வீடு திரும்புகிறான். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் மாதம் அவன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்க யாரும் போகவுமில்லை. நோயாளியைப் போய்ப் பார் என்ற கட்டளையை மறந்த சங்கம், வராதவனைப் போய்ப் பார்க்கவும் மறந்துவிடுகிறது. ஆளைச் சேர்ப்பதற்கு இயக்கம் நடத்தும் சங்கங்கள், சேர்ந்தவனுக்கு என்ன வேலை வைத்திருக்கிறோம் என்று முதலில் தங்களைக் கேட்டுக்கொள்வது நலம்.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் கலிபோர்னியாவின் டேவிஸ் என்ற ஊரில் கிடைக்கிறது. பல்கலைக்கழகம் உள்ள ஊர் அது. 1870இல் தோன்றிய அங்குள்ள ஆட் ஃபெல்லோஸ் லாட்ஜில், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பது பேருக்கும் குறைவானவர்களே எஞ்சியிருந்தார்கள். இன்று அங்கத்தினர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். ஆண்களும் பெண்களும் சமமாக அமர்கிறார்கள். அவர்கள் புதிதாக எந்தத் தத்துவத்தையும் கண்டுபிடிக்கவில்லை. காரியங்களைப் பல சிறு கமிட்டிகளாகப் பிரித்து, வந்தவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் ருசிக்கேற்ற ஒரு பொறுப்பைக் கொடுத்தார்கள். பாட்டில் பிரியமுள்ளவர் வியாழக்கிழமை இரவுகளில் ஊராருக்காக இசை நிகழ்ச்சி ஏற்பாடு செய்கிறார்; பழைய சினிமாவை நேசிப்பவர் திரைப்பட விழா நடத்துகிறார்; சைக்கிள் ஓட்டுபவர்கள் குழந்தைகளோடு வேஷம் கட்டிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். சடங்கையும் அவர்கள் விட்டுவிடவில்லை. ஊர் மக்கள் மாடிப்படி ஏறிவந்து கூடத்தைக் கண்ணால் பார்த்த பிறகு, இங்கே என்னதான் நடக்கிறது என்ற பழைய சந்தேகம், இதில் நாமும் சேரலாமா என்ற விருப்பமாக மாறிற்று.

ஊராரின் அறியாமை அற்ப விஷயமல்ல. 1826இல் நியூயார்க் மாகாணத்துப் படேவியா என்ற ஊரில், ஃப்ரீமேசன் ரகசியங்களை அச்சிடப்போவதாகச் சொன்ன வில்லியம் மார்கன் என்பவர் திடீரென்று காணாமற்போனார். மேசன்கள்தான் கடத்திக் கொன்றார்கள் என்ற கோபம் தேசமெங்கும் மூண்டு, அச்சங்கத்தை எதிர்ப்பதற்கென்றே ஒரு கட்சி தோன்றி, 1832ஆம் ஆண்டு ஜனாதிபதி தேர்தலில் வெர்மான்ட் மாகாணத்தையும் வென்றது. லாட்ஜுகள் நூற்றுக்கணக்கில் மூடப்பட்டன. தன்னைப் பற்றித் தானே பேசாத சங்கத்தைப் பற்றிப் பிறர் பேசுவார்கள் என்பதை இங்கிலாந்து மேசன்கள் வெகு காலம் கழித்து 1980களில் உணர்ந்தார்கள். அப்போது தங்களைக் கடுமையாகத் தாக்கி ஒரு நூல் வெளிவந்த பிறகு, லண்டனில் கிரேட் குயின் வீதியிலுள்ள தங்கள் மாளிகையையும் பொருட்காட்சிசாலையையும் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2005இல் பல்கலைக்கழகத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, மாணவர்களுக்கென்று லாட்ஜுகளை ஏற்பாடு செய்தார்கள். இங்கிலாந்தின் ஆட் ஃபெல்லோஸ் சங்கமோ, வைத்தியச் செலவைச் சர்க்கார் ஏற்றுக்கொண்ட ஒரு தேசத்தில் இன்னும் யாராலும் ஏற்கப்படாதிருக்கும் துன்பம் தனிமையே என்று கண்டு, முதியவர்களை ஒன்றுசேர்த்துப் பேசவும் உண்ணவும் யாத்திரை போகவும் செய்வதைத் தன் பிரதான பணியாக்கிக்கொண்டிருக்கிறது. 2018இல் அந்நாட்டுச் சர்க்கார் தனிமையைக் கவனிப்பதற்கென்றே ஒரு மந்திரியை நியமித்ததையும், 2023இல் அமெரிக்கத் தலைமை வைத்திய அதிகாரி தனிமையை ஒரு சுகாதாரக் கேடென்று எச்சரித்ததையும் எண்ணிப் பார்த்தால், ஐந்து பேர் கூடிய அந்தப் பால்டிமோர் விடுதியின் முதற் கட்டளைக்கு இன்றும் வேலை இருக்கிறது என்பது விளங்கும்.

நம் சென்னைக்கும் இச்சரித்திரத்தில் ஒரு பங்கு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இங்கே மேசன் லாட்ஜ் நடந்திருக்கிறது. ஆர்க்காட்டு நவாபின் குமாரர் உம்தத்-உல்-உமரா, 1775ஆம் ஆண்டளவில் திருச்சிராப்பள்ளியில் தீட்சை பெற்று, இந்தியர்களில் முதன்முதலாக அச்சங்கத்தில் சேர்ந்தவர்களில் ஒருவரானார். லண்டன் மகா லாட்ஜ் அவருக்கு அலங்கரித்த தோலாடை ஒன்றை அனுப்பி மரியாதை செய்தது. எழும்பூரில் 1925இல் திறக்கப்பட்ட ஃப்ரீமேசன் மண்டபம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. 1961இல் இந்திய மகா லாட்ஜ் தனியே அமைந்தது. இந்திய லாட்ஜுகளில் பகவத்கீதையும் குரானும் பைபிளும் கிரந்த் சாஹிபும் ஒரே பீடத்தில் அருகருகே வைக்கப்படுகின்றன. அவரவர் தம் தம் வேதத்தின் மீது கைவைத்துப் பிரமாணம் செய்கிறார்கள். அம்மண்டபத்தைக் கடந்து போகும் ஆயிரக்கணக்கானவர்களில் இதை அறிந்தவர் எத்தனை பேர்?

இதைப் படிக்கும் அன்பர்களில் மேசன்கள் மிகச் சிலராகவே இருப்பார்கள். ஆனால் வாசகசாலைக் கமிட்டியிலோ, சங்கீத சபையிலோ, பழைய மாணவர் சங்கத்திலோ, குடியிருப்போர் நலச் சங்கத்திலோ தங்கள் பெயர் இல்லாதவர்களும் மிகச் சிலரே. இந்த வாரத்தில் ஒரு நாள் அச்சங்கத்தின் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆறு மாதமாய் வராத ஒருவரின் பெயர் அதில் இருக்கும். சந்தா பாக்கியைப் பற்றிப் பேசாமல், ஒரு மாலை நேரத்தில் அவர் வீட்டுக்குப் போய், சௌக்கியமா என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.